ஷிப்ட் லாக்குக்குப் போட்ட முடிச்சு

என் இடது கை சுண்டு விரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மற்ற ஒன்பது விரல்களும் ஒழுங்காக வேலை பார்த்தபோது, டைப்ரைட்டிங் பரீட்சையில் என்னை மூன்று தடவை கவிழ்த்தது அதுதான். (மூன்றாவது தடவைக்கும் அதன் மேலேயே பழி போடுவது அநியாயம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.)

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். நான் தறிப் பக்கமே வரமாட்டேன், ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். இங்கிலீஷ் டைப்ரைட்டரில் 'ஏ' எழுத்துக்குப் பக்கத்தில் ஷிப்ட் லாக் என்று ஒரு கீ உண்டு. அதை அமுக்கிவிட்டால் அப்புறம் அடிப்பதெல்லாம் பெரிய எழுத்தாகவே விழும். என் சுண்டு விரல் 'ஏ' அடிக்கப் போகும்போதெல்லாம் அதையும் ஒரு தட்டு தட்டிவிட்டு வரும். முதல் பரீட்சையில் அரைப் பக்கம் பெரிய எழுத்து. இரண்டாவதில் நான் அடித்த விண்ணப்பக் கடிதம் முழுக்கப் பெரிய எழுத்தில் யாரையோ மிரட்டுவது போல இருந்தது.

"இன்னொருக்கா போச்சுன்னா பேசாம தார் சுத்த உக்காந்துக்க கண்ணு" என்றாள் அம்மா. தார் சுற்றுவது என்றால் நாளெல்லாம் ராட்டை முன்னால் உட்கார்ந்து ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவது. நினைத்தாலே எனக்கு இடுப்பு வலித்தது.

"வெரலைத் திருத்துங்க பாப்பா, எல்லாம் சரியாயிரும்" என்றார் இன்ஸ்டிடியூட் மாஸ்டர். திருத்த வேண்டியது விரலை இல்லை, மிஷினைத்தான் என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டால் யார் பேச்சையும் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

பரீட்சைக்கு மிஷின்களை நாங்களே கொண்டுபோக வேண்டும். நான் பழகிய ஏழாம் நம்பர் மிஷினைக் கோணியில் சுற்றி, பஸ் மேலே ஏற்றி, சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினோம். எல்லோரும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பென்சில் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த பட்டு நூலை எடுத்தேன். நாலு இழை சேர்த்து, ஷிப்ட் லாக் கீழே இறங்காதபடி பக்கத்துச் சட்டத்தோடு இழுத்துக் கட்டினேன். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அறுந்தால் அம்மா போடும் அதே முடிச்சு. எச்சில் தொட்டு இறுக்கி, நுனிகளைப் பல்லால் கடித்துத் துப்பினேன். பிடித்து இழுக்க ஒரு துளி நூல் மிச்சமில்லை.

முதல் பாடமான 'ஏ எஸ் டி எஃப்' அடித்துப் பார்த்தேன். லாக் அசையவே இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

மணி அடித்தது. வேகப் பரீட்சை, பத்தே நிமிஷம். முதல் வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்து, அதற்கு ஷிப்ட் கீயை அமுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். ஷிப்டை அமுக்கினேன். இறங்கவில்லை. வலது பக்க ஷிப்டை அமுக்கினேன். அதுவும் இறங்கவில்லை. ஷிப்ட் லாக் என்பது ஷிப்டின் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் கீ, அதைக் கட்டினால் இரண்டு ஷிப்டும் சேர்ந்து கட்டுப்படும் என்ற ஞானம் எனக்கு அந்த நிமிஷம்தான் வந்தது. (அடித்துப் பார்த்த பாடத்தில் ஒரு பெரிய எழுத்துகூட இல்லை!)

கத்தரிக்கோல் கேட்கலாம். கேட்டால் மிஷினில் கை வைத்ததை ஒப்புக்கொண்டது ஆகிவிடும். குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஏம்மா, மிஷினைக் கடிக்கறே? காலையில ஒண்ணும் சாப்பிடலியா?"

"சாப்ட்டேனுங்க சார்."

"அப்பறம் என்ன? உக்காந்து அடி."

அடித்தேன். பெரிய எழுத்து வரும் இடமெல்லாம் ஒரு சந்து விட்டு, சின்ன எழுத்திலேயே தடதடவென்று ஓட்டினேன். ஏழாவது நிமிஷம் பொறுமை போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கட்டை விரலையும் ஷிப்ட் மேல் வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் இறக்கினேன்.

டணார்!

நாற்பது மிஷின்களும் ஒரு கணம் நின்றன. அறுந்தது நூல் இல்லை, ஷிப்ட் லாக். கீயும் அதன் கம்பியும் முறிந்து, என் பட்டு நூலில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன. ஷிப்ட் இப்போது அருமையாக இறங்கியது. மிச்சமிருந்த நேரத்தில் பின்னால் போய், விட்ட சந்துகளில் பெரிய எழுத்துகளை நிரப்பினேன். பாதி எழுத்துகள் வரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன.

மிஷின் இன்ஸ்டிடியூட்டுக்குத் திரும்பியதும் மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. முடிச்சுக்குப் பக்கத்தில் நூலை பிளேடால் அறுத்து, உடைந்த கீயை என் கையில் கொடுத்தார். "இதை நீங்களே வெச்சுக்குங்க சாமி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ரிசல்ட் வந்தது. பெயில். அம்மா ராட்டையைத் துடைத்து வைத்தாள். "அன்னைக்கு என்னதான் ஆச்சு, அதையாவது சொல்லு" என்றாள். அழுதுகொண்டே அந்தக் கீயை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், நடந்ததைச் சொன்னேன். அம்மா கீயைப் பார்க்கவில்லை, அதில் தொங்கிய முடிச்சைப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் நெம்பினாள். அது அசையவில்லை.

"இது நீ போட்டதா?"

"ஆமாம்மா."

"இரும்பே ஒடைஞ்சும் முடிச்சு நவுரலியா?"

"நவுரலைம்மா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தறிப் பக்கமே வராத மகளிடம் அவள் இதை எதிர்பார்க்கவில்லை. முகத்தில் சிரிப்பு வந்தது. ராட்டையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள்.

"இப்படி முடிச்சுப் போடறவ எதையும் பாதியில உடமாட்டா. போ, இன்னொருக்கா எழுது" என்றாள். அதுவரை அழுத அழுகை வேறு, அதற்கப்புறம் அழுத அழுகை வேறு.

நாலாவது தடவை, ஷிப்ட் லாக் இல்லாத அதே ஏழாம் நம்பர் மிஷினில் எழுதி பாஸ் செய்தேன். ஒரு கூட்டுறவு சொசைட்டி ஆபீசில் ரிட்டையர் ஆகும்வரை மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்தேன்.

போன வருஷம் என் மகன் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தான். அதிலும் 'ஏ' பக்கத்தில் அதே சனியன், பெயர் மட்டும் கேப்ஸ் லாக். சுண்டு விரலும் அதே விரல். மகன் எங்கேயோ இரண்டு தட்டு தட்டி, "இனிமே அது வேலை செய்யாதும்மா" என்றான். ஷிப்டை நான் அமுக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நூலைத் தேடி நான் உள்ளே போவதற்குள் அவன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதிலாவது பிடிவாதமாக நின்றால், அவன் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொல்வான்: "அம்மா நூலைக் கையில எடுத்துட்டாங்க. இரும்புச் சாமானெல்லாம் பத்திரம்!"