கூடத்துக்குள்ளே கோல்ஃப்

இந்த மார்கழி முடிவதற்குள் கோல்ஃப் கற்றுக்கொண்டே தீருவது என்று சபதம் செய்தேன்.

காரணம் உண்டு. கோலாலம்பூரில் எங்கள் முதலாளிக்கு அந்த ஆட்டம் என்றால் உயிர். அவரோடு மைதானத்தில் நடப்பவனுக்குத்தான் மேனேஜர் நாற்காலி. ஆகவே லீவில் கூத்தாநல்லூருக்குக் கப்பலேறும்போது, கைலிகளுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவில் ஒரு கோல்ஃப் மட்டையையும் சொருகிக்கொண்டு வந்தேன்.

வெளியே ஆட வழியில்லை. மலேசிய வெயிலில் காய்ந்த உடம்பு. மார்கழிப் பனியைக் கண்டதும் பல் தந்தியடித்தது. தவிர, கொல்லைக்குப் பின்னால் சம்பா கதிர் வாங்கி நிற்கிற வயல். குத்தகைத் தகராறில் கிடக்கிறது. பந்து பொறுக்க வரப்பில் கால் வைத்தால், "நீ எந்தப் பக்கம்?" என்று இரண்டு தரப்பும் சட்டையைப் பிடிக்கும். எனவே கூடத்திலேயே, காதோடு மஃப்ளர் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் குவளை ஒன்றைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தைத் தள்ளிப் பழகினேன்.

என் மனைவி ஜன்னத் முறத்தோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"கோல்ஃப்."

"ஊர்ல கோள் மூட்டுறவங்களப் பாத்திருக்கேன். வீட்டுக்குள்ள கோல் நீட்டுறவர இப்பத்தான் பாக்குறேன்."

முதல் நாள் அரிக்கேன் விளக்கின் சிம்னி போயிற்று. அப்புறம் ஊறுகாய் ஜாடி. அப்புறம் பந்து பீரோவுக்கு அடியில் போய், அதைத் தேடிப் போன நானும் மாட்டிக்கொண்டேன். என் காலைப் பிடித்து வெளியே இழுத்த ஜன்னத், ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தேத்தண்ணி கொடுத்தபடி கேட்டாள்.

"இதுல எப்படிங்க ஜெயிக்கிறது?"

"குறைவா அடிக்கிறவங்க ஜெயிப்பாங்க. கடைசியில பந்து குவளைக்குள்ள இருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்! ஆனா பொம்பளைங்களுக்குச் சட்டுன்னு வராது."

"நாம ஒரு ஆட்டம் போடுவோமா? நான் ஜெயிச்சா இந்தத் தடவ என்னையும் கூட்டிக்கிட்டுப் போகணும்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். நானும் 'அடுத்த தடவை' என்று சொல்லியே கப்பலேறுகிறேன்.

"நான் ஜெயிச்சா?"

"இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் இப்படி ஒரு வாய்ப்பை யார் விடுவார்கள்?

நடுவராகப் பக்கத்து வீட்டு பஞ்சநதத்தை அழைத்து வந்தாள். ஊர்க் குத்தகைச் சண்டைகளில் பாதியைப் பேசித் தீர்த்தவர்.

நான் ஆடினேன். மூன்றாவது அடியில் பந்து டங்கென்று குவளைக்குள் புகுந்தது.

"மூணே அடி!" என்று கூவினேன்.

ஜன்னத் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பந்தைப் பழைய இடத்தில் வைத்தாள். மட்டையைத் தொடவே இல்லை. குவளையை எடுத்தாள். பந்தின் மேல் கவிழ்த்தாள்.

"பந்து குவளைக்குள்ள இருக்கு. நான் ஒரு அடிகூட அடிக்கல."

"அக்கிரமம்! பந்துதான் குவளையைத் தேடிப் போகணும்!"

"அப்படி நீங்க சொல்லலையே. அவ்வளவுதான்னுதானே சொன்னீங்க?"

பஞ்சநதம் குனிந்து, குவளையை லேசாகத் தூக்கிப் பார்த்து, மறுபடி மூடினார்.

"மூஸா தம்பி, பந்து குவளையோட அனுபவத்துல இருக்கு. அனுபவத்துல வச்சிருக்கிற குத்தகைக்காரர இந்த ஆட்சியில யாரும் வெளியேத்த முடியாது. தங்கச்சிக்குத்தான் ஜெயம்."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி, கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு வேணுமே! அதுக்கு மனு போட்டு, போலீஸ் விசாரிச்சு... வருஷமாகும்."

பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல வாசலைப் பார்த்து நடந்தார்.

"நீங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் வந்தாச்சுங்க," என்றாள் ஜன்னத். "போலீஸ்காரர்கிட்ட எனக்குச் சாட்சி சொன்னதே அண்ணன்தான்."