பின்னாலிருந்து இழுக்கும் பேய்

கோட்டையூரில் போன மாதம் பேய்களுக்குப் பஞ்சமில்லை. புளியமரம், பாழுங்கிணறு எல்லாம் அவற்றின் பழைய முகவரி. இப்போது குடியிருப்பது எலெக்ட்ரிக் கார்களில். ஏசி வசதியும் உண்டு.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பேய் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். பெட்ரோல் கார் என்றால் காலை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் உருளும். இது உருளவில்லை. இன்ஜின் சத்தமும் கிடையாது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் நம் ஊருக்கு?

பேய் வந்தால் ஓட்டுகிறவரும் வருவார். வந்தார் செம்மலை சாமி. கண்மாய்க்கரையில் கொட்டகை, வெள்ளிக்கிழமைதோறும் வரிசையில் இருபது கார்கள். சாமி தனியாக உள்ளே ஏறுவார், கதவைச் சாத்துவார், தொடுதிரையில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுப்பார். இறங்கியதும் ஓட்டிப் பார்த்தால் இழுப்பு இருக்காது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நாற்பத்தெட்டு நாள் திரையைத் துடைக்கக் கூடாது என்பது உத்தரவு.

எங்கள் தெருப் பாண்டீஸ்வரி அக்கா டாக்ஸி ஓட்டுகிறார். பெரிய வீடுகளையும் கோயில்களையும் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நின்று நின்று போகிற வண்டி. அதற்கும் பேய் ஓட்டியாயிற்று. கணவர் முத்துக்கண்ணன் செய்த ஏற்பாடு. மறுவாரமே, வழக்கமாக ஒரே சார்ஜில் வீடு வந்து சேரும் கார், உச்சி வெயிலில் இளையாத்தங்குடியில் சார்ஜ் தீர்ந்து நின்றது. விரட்டிய பேய் போகிற போக்கில் சார்ஜைக் குடித்துவிட்டதாகச் சாமி கண்டுபிடித்தார். பரிகாரம்? வண்டியை அவர் கொட்டகையில் விட்டுவிட வேண்டும். முன்பு அப்படி விட்ட இரண்டு கார்களில் சாமியின் மைத்துனர் சவாரி அடிப்பதை ஊரே பார்த்தது. பேயோடு பழகத் தெரிந்த குடும்பம் என்று வியந்தது.

முத்துக்கண்ணன் ஒரு சாவியை அந்த மைத்துனரிடம் கொடுத்தே விட்டார். வெள்ளிக்கிழமை வண்டி போகிறது. அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நான் மாலை வகுப்பில் எலெக்ட்ரிக் வண்டிப் பராமரிப்பு படிக்கிறேன். கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. நோட்டைப் புரட்டினேன். பேட்டரி தரும் மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. காலை எடுத்ததும் எல்லாம் தலைகீழ். ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த வேலையின் பாரம்தான் இழுப்பு. திரையில் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். அணைத்தால் திரும்பி வருகிற சார்ஜும் போயிற்று.

தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்ற பயத்தில், வியாழனன்று அக்காவை ஆறு தடவை ஓட்டச் சொன்னேன். திரையிலிருந்த விபூதியை அக்கா துடைத்தார். திரையின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் அந்த வசதி அணைந்து கிடந்தது. போட்டால் பேய் வந்தது, அணைத்தால் போனது. மூன்றுக்கு மூன்று. போட்டே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் பேய் திரும்பிவிட்டதென்று சொல்லி, முத்துக்கண்ணனையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. முதல் தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"சாமி, திரையில பூச வேணாம். பானெட்டுல பூசி ஓட்டிவிடுங்க."

"உள்ள இருக்கிற பேய் வெளிய பூசுனா எப்படிம்மா போகும்?"

பின்னால் நின்ற ஒரு டிரைவர் கேட்டார்: "கண்ணாடி ஏத்திவிட்ட காருக்குள்ள வரத் தெரிஞ்ச பேய்க்கு, வெளிய போக வழி தெரியாதாக்கும்?"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்துக்கு முன் சாமியால் மறுக்க முடியவில்லை. பானெட் முழுக்கப் பூசினார். முத்துக்கண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து அக்கா ஓட்டினார், காலை எடுத்தார்.

"இழுக்குதே" என்றார் முத்துக்கண்ணன்.

அக்கா வண்டியை நிறுத்தித் திரையில் ஒரு விரல் வைத்தார். மந்திரமில்லை, விபூதியில்லை. ஓட்டினார். இழுக்கவில்லை. மறுபடி நிறுத்தி விரல் வைத்தார். இழுத்தது. கூட்டத்திலிருந்து இன்னும் இருவரை ஏற்றி அதையே செய்து காட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"எத்தனை தடவை வரச் சொல்லணும், எத்தனை தடவை போகச் சொல்லணும்? சொல்லுங்க சாமி, ஓசியிலேயே செய்றேன்."

கலிகாலத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தபடி சாமி கொட்டகைப் பக்கம் நகர்ந்தார்.

"அங்குட்டு எங்க போறீக? சாவி உங்க மச்சினன் இடுப்புல இருக்கு. குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அக்கா.

சாவி வந்தது. அதை வாங்கக் கை நீட்டியவர் முத்துக்கண்ணன். அக்கா அவர் கையை விலக்கிவிட்டுத் தானே வாங்கிக்கொண்டார். வரிசையில் ஒருவர் என்னிடம் வந்து, நாற்பத்தெட்டு நாள் முடியுமுன் திரையைத் துடைத்தால் தோஷம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார் எதையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூளை ஒன்று போதும். அது கூடுதல் விலைக்குப் பொருத்தித் தருவதல்ல. பிறக்கும்போதே எல்லாருக்கும் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறது. எடுத்து ஓட்டுங்கள். நிறுத்தியே வைத்திருந்தால், உங்களுக்கும் சேர்த்து அதைச் சாமியின் மைத்துனர் ஓட்டுவார்.