மேல்மாடி இடிச்சத்தம் குறித்து அத்தைக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகளும், உங்கள் மேல்மாடியில் நான்கு வருஷமாகக் குடியிருப்பவளுமான நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. ஆனால் நேற்றுக் காலைதான் தொலைபேசியில் உங்கள் முழங்கால், கண், கடைவாய்ப்பல் ஆகியவற்றின் நலத்தை நாற்பது நிமிஷம் நீங்களே சொல்லிவிட்டதால் ஆவல் தீர்ந்துவிட்டது. நாற்பத்தோராவது நிமிஷத்தில் நீங்கள் கோபப்பட்டீர்கள். யாராவது கோபப்பட்டால் எனக்குச் சொற்கள் தொண்டைக்கு வராமல் விரலுக்குப் போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் சாரின் கூடத்தில் காரை பெயர்ந்து அவர் காப்பியில் விழும்படி மேலே தினமும் என்ன இடிக்கிறாய் என்று கேட்டீர்கள். ஆடுகிறேன் என்றேன். "உனக்குத்தான் கூட்டம் ஆகாது, சத்தம் ஆகாது, மிக்சி ஓடினாலே காதைப் பொத்திக்குவே. ஆட்டம் மட்டும் எப்படிடி ஆகுது?" என்றீர்கள். நியாயமான கேள்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் எனக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தபோது, 'அப்பாடா, நான் இத்தனை நாளா திமிருன்னு நெனச்சேன்' என்று குடும்பத்திலேயே நிம்மதி அடைந்த ஒரே ஆள் நீங்கள். ஆகவே உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. பகலெல்லாம் நான் பல்செட் செய்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பல் நம் முகத்தை உற்றுப் பார்க்காது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்காது. ஆனால் மெருகு போடும் மோட்டார், தலைக்கு மேல் குழல்விளக்கின் ரீங்காரம், பக்கத்து மேசைக்காரியின் சென்ட், 'என்ன, ஒரு மாதிரி இருக்கே' என்று போகிற வருகிறவர்கள் விசாரிப்பது, பிறகு பேருந்தில் முன்பின் தெரியாதவர் முழங்கை என்று ஒவ்வொன்றாக உடம்பில் ஏறி, மாடிப்படி ஏறும் நேரத்தில் என் உடம்பே நான் இரவல் வாங்கிப் போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். அப்போது கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, ஒரு பாட்டைப் போடுவேன். ஒரே பாட்டு, ஏழு முறை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த சத்தம் சத்தமே இல்லை, அத்தை. அது நாற்காலி மாதிரி, நம்பி உட்காரலாம். மிக்சி எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குதிகால் நான்கு, விரல்நுனி நான்கு, ஒரு முழுச்சுற்று, பிறகு கை உதறல். சின்ன வயதில் எனக்குச் சந்தோஷம் வந்தால் கைகளை உதறுவேன். அம்மா இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்து 'கையை மடியில வை' என்பாள். பள்ளிக்கூடத்திலும் அதே பாட்டு. நல்லதுக்குத்தான் சொன்னார்கள். இருபது வருஷம் கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பெண் என்று பெயரெடுத்தேன். அதே உதறலைப் பாட்டு ஓடும்போது செய்தால் அதற்கு ஆட்டம் என்று பெயர், யாரும் அமுக்கிப் பிடிக்க வர மாட்டார்கள் என்பது நானாகக் கண்டுபிடித்த விஷயம். சுற்றும்போது சுவரும் பீரோவும் கரைந்துபோய் நடுவில் நான் மட்டும் கெட்டியாக நிற்பேன். ஏழாவது முறை பாட்டு முடியும்போது உள்ளங்காலிலிருந்து ஒரு சிரிப்பு ஏறி வரும். சட்டை மறுபடி என் சட்டை.

காரை விழுந்தது என் தப்புதான். ஆனால் நான் சும்மா இருந்துவிட்டதாக நினைக்காதீர்கள். போன மாதமே கீழ்வீட்டு சார் படியில் என்னை நிறுத்திச் சத்தம் பற்றிச் சொன்னார். அன்று முதல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் கனத்த காலுறை போட்டு ஆடினேன். சத்தம் வரவில்லை, ஆனால் சுற்றில் கால் வழுக்கித் திரைச்சீலையைப் பிடிக்க, அது கம்பியோடும் கம்பி சுவரின் ஒரு துண்டோடும் வந்துவிட்டது. (அந்தச் சுவரைப் பூசிவிட்டேன். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.) அடுத்து மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் ஆடினேன். மெத்தையில் தாளம் இல்லை, அத்தை. கால் வைத்தால் பதில் வராமல் பொதபொதவென்று உள்ளே போகிறது, ஊமையிடம் ரகசியம் சொன்ன மாதிரி. மூன்றாவது அடியில் பீரோமேல் சாய்ந்து, உள்ளே இருந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் உருண்டு, அன்றைக்குக் கீழ்வீட்டு சார் வாசலுக்கே வந்து நின்று மேலே பார்த்தார். சரி, வீட்டில் வேண்டாம், ஊரார் ஆடும் இடத்தில் ஆடுவோம் என்று ஒரு நடன வகுப்பில் சேர்ந்தேன். அங்கே நாலாபக்கமும் கண்ணாடி, ஒரே ஆளைப் பத்து ஆளாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஆசிரியை நம்மைப் பார்த்து நின்றுகொண்டு தன் வலது கையைத் தூக்கி 'இடது' என்றாள். நான் சொல்லைக் கேட்பதா, கையைப் பார்ப்பதா? இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு அவள் பாட்டின் சத்தத்தைக் கூட்டி, "இனி ஸ்டெப் கிடையாது, மனசு போன போக்குல ஆடுங்க" என்றாள். மற்றவர்கள் ஆடினார்கள். நான் என் மனசு எங்காவது போகுமா என்று காத்துக்கொண்டு பதினோரு நிமிஷம் நின்றேன். அது எங்கும் போகவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னது.

செருப்பு எடுக்க வெளியே வந்தால், செருப்பறையில் சுவருக்கு அப்பாலிருந்து அதே பாட்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் வந்தது. அத்தனை அழகாக இருந்தது, அத்தை. விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. கால் தானாகத் தொடங்கிவிட்டது. அந்தச் செருப்பறையில் நான் ஆடிய ஆட்டத்தை நான்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் அலமாரியை உதைத்து நாற்பது ஜோடிச் செருப்பும் ஒரே குவியலாகிவிட்டது வேறு விஷயம். எட்டு நிமிஷத்தில் ஜோடி சேர்த்து அடுக்கிவிட்டேன். வகுப்பு முடிந்து வந்த ஆசிரியை, வந்த அன்றே சேவை செய்கிற இப்படி ஒரு பெண்ணைத் தான் பார்த்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக் கட்டிப்பிடிக்க வந்தாள். ஓடிவந்துவிட்டேன்.

மிச்சமிருந்த இடம் வேலை செய்யும் இடம்தான். பல் அச்சு வார்க்கும் மாவைக் கலக்கும் அறையில் ஓர் அதிர்வு மேசை உண்டு, மாவிலிருந்து காற்றுக் குமிழ் போவதற்காக. அது ஒரே சீராக உறுமும். சாப்பாட்டு வேளையில் அதைப் போட்டுவிட்டு அந்த உறுமலுக்கு ஆடினேன். நான்கு நாள் சொர்க்கம். ஐந்தாம் நாள் கை உதறலில் ஒரு தட்டு கவிழ்ந்து, ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் மேல்தாடையும் ஒரு பாடகியின் கீழ்தாடையும் கலந்து கிடந்தபோது முதலாளி கதவைத் திறந்தார். என்னம்மா பண்றே என்றார். பொய் சொல்ல எனக்கு எப்போதும் நேரம் போதாது. ஆடுறேன் என்றேன். அவர் என்னையும் தரையில் சிரித்துக்கொண்டிருந்த பல்வரிசைகளையும் பார்த்துவிட்டு, "சரி, முடிச்சிட்டு அந்த மேல்தாடையை எடுத்துட்டு வா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். நல்ல மனுஷர். ஆனால் மறுநாள் முதல் அந்த அறையில் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். ஆக, சுற்றிச் சுற்றி மறுபடி உங்கள் மாடிக்கே வந்தேன். காரை விழுந்தது.

இப்போது நேற்று மாலை நடந்தது. ஆறு பத்துக்கு, தினமும் நான் பாட்டைப் போடும் நேரத்துக்கு, கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு சார், கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அவர் முப்பத்து மூன்று வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதமாக மேலே விழுந்த ஒவ்வோர் இடியையும் தேதி, மணி வாரியாக எழுதி வைத்திருந்தார். நான் வாங்கிப் படித்தேன். அத்தை, என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு சரியாகக் கவனித்தவர் யாருமில்லை. போன திங்கட்கிழமையில் மட்டும் ஒன்று குறைந்தது. பாட்டுக்கு முப்பத்திரண்டு என்று இருக்க வேண்டும், முப்பத்தொன்று என்று எழுதியிருந்தார். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யோசித்து, அன்றைக்குத் தமக்கு இருமல் என்று ஒப்புக்கொண்டு திருத்தினார். பிறகு, இந்த ஆட்டத்துக்கு என்ன பெயர் என்றார். பெயர் இல்லை என்றேன். பெயர் இல்லாததைப் புகாரில் எப்படி எழுதுவது, ஆடிக் காட்டு, பார்க்கிறேன் என்றார்.

பாட்டைப் போட்டேன். கால் வரவில்லை. ஆள் பார்த்தால் எனக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் என்னுடையதில்லை. முதல் முறை பாட்டு ஓடி முடிந்தது, இரண்டாம் முறையும் ஓடியது. நான் கையை மடியில் வைக்கிற மாதிரி முன்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. முப்பத்து நான்கு வயதில் வீடும் போகப்போகிறது, ஆட்டமும் போய், கீழ்வீட்டுக்காரர் முன்னால் இப்படி நிற்கிறோமே என்று இருந்தது.

சார் எழுந்தார். போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோர்ட்டுல நான் யார் மூஞ்சியையும் பாத்ததில்லம்மா. காதாலதான் வேலை. நீ ஆடு, நான் கேக்கிறேன்."

மூன்றாம் முறை கால் வந்தது. அவர் முதுகு அசையவே இல்லை. பாதியில் பார்த்தால் அவர் வலது கை விரல்கள் முழங்கால்மேல் தட்டச்சு அடிப்பதுபோல் என் குதிகாலுக்குச் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தாளமும் பிசகவில்லை. எனக்கு இதுவரை இன்னொருவருடன் ஆடுவது என்றால் என்னவென்று தெரியாது. கை கோக்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்பார்கள். இவ்வளவுதான் போலிருக்கிறது, அத்தை. ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கூட வரலாம். ஏழாம் முறை வரை ஆடி முடித்தேன். "இருபத்தேழாவது அடி கொஞ்சம் லேட்டு" என்றார் சுவரிடம். அது திரும்புகிற அடி, அப்படித்தான் வரும் என்றேன். குறித்துக்கொண்டார்.

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நோட்டில் ஓரமாக 'மனைவிக்குத் தலைவலி' என்று ஒன்பது இடத்தில் எழுதியிருப்பதையும் நான் படித்தேன். ஒன்பது அதிகம். ஆகவே இதனால் தெரிவிப்பது: இன்று காலை பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு தரைத்தள வீட்டைப் பார்த்தேன். சமையலறை இருட்டு, ஆனால் தரை சிமெண்டுத் தரை. மாதக் கடைசியில் உங்கள் மாடியைக் காலி செய்துவிடுகிறேன். இது கோபத்தில் எடுத்த முடிவு அல்ல. தரைக்காக எடுத்த முடிவு. நான்கு வருஷம் இடம் கொடுத்ததற்கு நன்றி. உங்கள் முழங்கால் வலியின்றி மடங்கவும், கண் தெளியவும், கடைவாய்ப்பல்லை எடுக்க நேர்ந்தால் மாற்றுப்பல் என் கையாலேயே அமையவும் வேண்டி, மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன். இன்று ஞாயிறு. நான் எங்கும் போகவில்லை. காலி செய்யப் போவதைச் சொல்லக் கீழே போனேன். சார், தன் நோட்டு ஒருத்தரை வீட்டை விட்டுத் துரத்தும் சாட்சியாக முடியாது என்று சொல்லி அதைப் பரணில் போட்டுவிட்டார். அவர் மனைவி, மாடிக் காற்று வேண்டுமென்று தான் ஆறு வருஷமாகக் கேட்பது இந்த வீட்டில் யார் காதிலாவது விழுந்ததா என்றார். அதனால் நாங்கள் வீடு மாற்றிக்கொண்டோம். உங்கள் அனுமதி கேட்கத்தான் இந்தப் பின்குறிப்பைத் தொடங்கினேன், ஆனால் அவர்கள் கட்டில் ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது, என் பீரோவும் இறங்கிவிட்டது. நேற்று ஆறு பத்துக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டு பாதத்தையும் முழுசாக வைத்துக் குதித்தேன். தரை அப்படியே பதில் சொன்னது. நிறுத்த மனம் வரவில்லை. ஏழு முறை பதினாறு ஆகி, தினமும் ஏழு மணிக்குத் தவறாத சாப்பாடு எட்டரைக்குத்தான். பரவாயில்லை என்று நான் எழுதுவது இதுவே முதல் முறை, அத்தை.