என் வீட்டில் தேநீர் குடிக்காத மூன்று பேர்

நான் கோபக்காரன். இதை மறைத்துப் பயனில்லை. என்னோடு ஐந்து நிமிடம் கியூவில் நின்ற எவருக்கும் அது தெரியும். கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும், கண் மறைத்துவிடும், வாய் மட்டும் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோவில், ஒரு நத்தார் (கிறிஸ்மஸ்) பின்னேரம். யாரிடம் கத்தினாய் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுபது வயதை நெருங்கிய ஒரு அமெரிக்கக் கிழவரிடமும் அவருடைய மனைவியிடமும். அதுவும் நானே கூப்பிட்டு, என் வீட்டுக் கதிரையில் இருத்தி வைத்துவிட்டு.

ஆனால் கதை அவர்களில் தொடங்கவில்லை. மாஸ்டரில் தொடங்குகிறது.

மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். பலெர்மோவில் ஒரு வக்கீல் வீட்டில் தரை துடைத்தார். நான் அதற்கு அடுத்த தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் தரை துடைத்தேன். (ஒரே மாதிரித் துடைப்பான், ஒரே மாதிரி முழங்கால் வலி. அவருக்கு மட்டும் கணக்குத் தெரியும்.) என்னிடம் தமிழ்ப் படக் கசற்றுகள் நிறைய இருந்தன. அதற்காக நாலு வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். வந்தால் மனைவி மலர் தேநீர் போடப் போவாள். அவர் கையை உயர்த்துவார்.

“வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வாறன்.”

நாலு வருடம். ஒரு மனிதன் ஒவ்வொரு ஞாயிறும், எங்கள் வாசலுக்கு வருவதற்குச் சரியாக ஒரு நிமிடத்துக்கு முன்னால், எங்கேயோ தேநீர் குடித்துவிட்டு வந்தான் என்று நான் நம்ப வேண்டும். நம்புகிறேன் என்று சிரிக்கவும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இன்னார் இன்னார் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு எழுதாத பட்டியல் இருந்தது. நாங்கள் அதில் கீழ்ப்பக்கம். என் அப்பாவுக்குச் சந்தித் தேநீர்க் கடையில் கிளாஸ் கிடையாது. அவருக்கென்று வைத்த சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள், குடித்து முடிய அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஷெல் அடியில் ஊரோடு விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்திருந்தேன். மாஸ்டர் அதைச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். என் கசற்றைக் கைநீட்டி வாங்குவார், அதில் தீட்டு ஒட்டாது. தேநீரில்தான் ஒட்டும்.

இனி அமெரிக்கர்கள். பலெர்மோவின் கால்சாப் பகுதியில் நாங்கள் முதலாம் மாடியில் குடியிருந்தோம். மூன்றாம் மாடிக்கு அந்த வருடம் ஒரு வயோதிபத் தம்பதி வந்தது. ஐடஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருடம் சமய ஊழியம் செய்ய வந்தவர்கள். சட்டையில் கறுப்புப் பெயர்த்தகடு. அவரை எல்டர் என்றும் அவரை மணந்தவரை சிஸ்டர் என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள், நாங்களும் கூப்பிட்டோம். மோர்மன் சபை என்றார்கள். அது என்ன சபை என்று நான் கேட்கவில்லை. அல்லேலூயா ஆட்களில் ஒரு வகை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எதையும் கேட்காமல் முடிவு கட்டுவதில் அந்த வயதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

நல்ல மனிதர்கள். எங்கள் குசினிக் குழாய் ஒழுகியபோது எல்டர் கேட்காமலே வந்து படுத்துக் கிடந்து திருத்தினார். ஏழு வயது மகள் துளசி பள்ளி விட்டால் நேரே மூன்றாம் மாடிக்குத்தான் ஓடுவாள். சிஸ்டரை அவள் நோன்னா என்றுதான் கூப்பிடுவாள், இத்தாலியனில் பாட்டி. அங்கே குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒரு முழ உயர நத்தார் மரம் வைத்து, அதில் பதினான்கு பேரப்பிள்ளைகளின் படத்தைத் தொங்கவிட்டிருந்தார்களாம். ஒருநாள் சிஸ்டர் அந்தப் படங்களுக்கு முன்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றதை மலர் பார்த்துவிட்டு வந்தாள்.

“நாப்பது வருசத்திலை பிள்ளையள் இல்லாத முதல் நத்தாராம். நாங்கள் கூப்பிடுவம், பாவங்கள்” என்றாள்.

அவளுக்கு வந்தது இரக்கம். எனக்கு வந்தது ஒரு திட்டம்.

அமெரிக்கர்கள் என் வீட்டில் தேநீர் குடிப்பார்கள். அதை மாஸ்டர் பார்ப்பார். வெள்ளைக்காரர் இருவர் என் கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சுவதைக் கண்ணால் கண்டபிறகு, தட்டு அவருக்கு முன்னால் வரும்போது ‘இப்பதான் குடிச்சிட்டு வாறன்’ எப்படி வாயில் வரும்? வராது. என் அப்பாவின் சோடாப் போத்தலுக்கு நான் பலெர்மோவில் வைத்துப் பதில் சொல்லப் போகிறேன். (இருபத்தொன்பது வயதில் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.)

“அமெரிக்கர் ரெண்டு பேர் வருகினம் மாஸ்டர், நீங்களும் வாங்கோவன், இங்கிலீசிலை கதைக்க ஆள் வேணும்” என்றேன். இங்கிலீஷ் என்றதும் மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி நல்ல தேயிலை எடுப்பித்தேன். பொன் விளிம்பு வைத்த ஆறு கோப்பைகள் வாங்கினேன். மலர் பற்றிஸும் ரோல்ஸும் செய்தாள். நத்தார் அன்று மதியம் சிஞ்ஞோரா வீட்டில் பதினெட்டுப் பேர் சாப்பிட்ட பாத்திரம் கழுவிவிட்டு, அவர் கொடுத்த ஒரு நுரை வைன் போத்தலோடு நாலு மணிக்கு ஓடி வந்தேன்.

அமெரிக்கர்கள் ஐந்து மணிக்கு வந்தார்கள். அவர்களுடைய சபைப் பொடியன்கள் நாலு பேர் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு மதியம் சமைத்துக் கொடுத்துவிட்டு, நத்தார் அன்று பஸ் இல்லாததால் நடந்தே வந்திருந்தார்கள். சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. வந்ததும் மலரிடம் ஏதோ கேட்டு வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் வருகிறாரா என்று பால்கனியில் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆறு மணிக்குப் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து போன் எடுப்பார்கள், அதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று எல்டர் சொன்னதும் பாதிதான் கேட்டது.

மாஸ்டர் டை கட்டி வந்தார். நடுக் கதிரையில் இருந்தார். ஐடஹோவின் மழைவீழ்ச்சியைப் பற்றி விசாரித்தார்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து வந்தேன். ஏலக்காய் போட்ட தேநீர், மூன்று கோப்பை. கல்யாண வீட்டில் கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை. நேரே சிஸ்டருக்கு முன்னால் குனிந்தேன்.

சிஸ்டர் புன்னகைத்தார். உள்ளங்கையை உயர்த்தினார். “நோ, கிராத்சியே.”

அந்தக் கை. மாஸ்டர் உயர்த்தும் அதே உயரத்தில், அதே மெதுவாக.

எல்டரிடம் திரும்பினேன். அவரும் கையை உயர்த்தினார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

“அவையே குடிக்கேல்லை, எனக்கு மட்டும் ஏன் தம்பி” என்றார். “நானும் இப்பதான் குடிச்சிட்டு வாறன்.”

எனக்குக் காது அடைக்கத் தொடங்கியது. இருந்தாலும் சமாளித்தேன். அமெரிக்கர்கள் கோப்பி குடிக்கிற ஆட்கள்தானே, பிழை என்னுடையது என்று குசினிக்கு ஓடினேன். கோப்பி கொதித்து வர எடுத்த நேரத்தில் நானும் கொதித்து வந்தேன். கொண்டு வந்து நீட்டினேன். இரண்டு உள்ளங்கைகளும் மறுபடி உயர்ந்தன. எல்டர் நெஞ்சில் கை வைத்து இங்கிலீசில் நீளமாக ஏதோ விளக்கினார். வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. துளசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடு” என்று அதட்டினேன்.

சிஞ்ஞோரா தந்த போத்தல் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தேன். மூடி திறந்த வேகத்தில் கூரையில் பட்டு மாஸ்டரின் மடியில் விழுந்தது. கிளாஸில் ஊற்றி எல்டரின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் பின்னால் சாய்ந்து, சங்கடமாக ஒரு சிரிப்புச் சிரித்தார். மாஸ்டரும் கூடச் சேர்ந்து மெல்லச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது.

“யூ கம் மை ஹவுஸ்” என்று தொடங்கினேன். பிறகு இத்தாலியனுக்குத் தாவினேன், அதிலிருந்து தமிழுக்கு விழுந்தேன். நாங்கள் என்ன ஊத்தை ஆட்களோ? சிஞ்ஞோரா வீட்டு நாய் கூட என் கையால் குடிக்குது. ஐடஹோவிலும் இந்த நாசமாய்ப் போன பட்டியல் இருக்கோ? குடிக்க மனம் இல்லாவிட்டால் என் கதிரையில் ஏன் இருக்கிறீர்கள்? தட்டை மேசையில் அடித்து வைத்ததில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. சிஸ்டரின் கண் நிறைந்துவிட்டது. நான் அவர்களைப் பார்த்துத்தான் கத்தினேன். ஆனால் அதில் ஒரு வரி கூட அவர்களுக்குரியதல்ல. உரியவர் நடுக் கதிரையில் டையைத் தடவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கத்த எனக்கு நாலு வருடமாகத் துணிவு வரவில்லை. அந்த எரிச்சல் இன்றைக்கும் என்மேல் எனக்கு உண்டு.

மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் துளசியின் குரல் கேட்டது.

“அப்பா, அவை தேத்தண்ணி குடிக்கமாட்டினம். கோப்பியும் இல்லை, வைனும் இல்லை. ஒருத்தற்ரை வீட்டிலையும் குடிக்கமாட்டினம். அவையின்ரை கடவுள் வேண்டாமெண்டவராம். நோன்னா எனக்கு எப்பவோ சொன்னவ. நான் உங்களுக்கும் சொன்னனான். நீங்கள் நித்திரை.”

உலகத்தில் அவர்கள் தொடக்கூடாத பானங்கள் எவையோ, அவற்றைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக நீட்டியிருக்கிறேன்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “ஓம் தம்பி. மோர்மன் ஆக்களுக்கு அது விலக்கு. நான் வாசிச்சிருக்கிறன்.”

“தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?”

“நீர் என்னைக் கேக்கேல்லையே.”

அப்போதுதான் மலர் குசினி வாசலில் இருந்து வாய் திறந்தாள். என்னைப் போல அவள் கத்துவதில்லை. அதனால்தான் அவள் சொல்வது நிலைக்கிறது.

“அந்தம்மா வந்தவுடனை என்னட்டைத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சவ. ரெண்டு தரம். ஐயாவும் குடிச்சவர்.” பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பினாள். “மாஸ்டர், நீங்கள் மோர்மன் இல்லைத்தானே. உங்களுக்கு என்ன தரட்டும்?”

தண்ணீர். எந்த வீட்டில் அதைக் குடிக்கலாம் என்பதற்குத்தான் எங்கள் ஊரில் அத்தனை பட்டியலும். அதை அந்த மனுசி படியேறி வந்த களைப்பில் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வெறும் கிளாஸை என் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பால்கனியில் நின்றேன்.

சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த வீட்டில் எவரும் எதுவும் குடிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை என்று மட்டும் பிடித்துக்கொண்டார் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியை எடுத்து ஆறு கிளாஸில் ஊற்றினார். எல்டருக்கு, மலருக்கு, துளசிக்கு, எனக்கு, மாஸ்டருக்கு என்று கையில் கையில் கொடுத்தார். “புவோன் நத்தாலே” என்று தன் கிளாஸை உயர்த்தி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

நாங்கள் குடித்தோம். பிறகு ஐந்து பேரும், அமெரிக்கர் இருவரும் எதுவும் அறியாமல், நாங்கள் மூவரும் எல்லாம் அறிந்து, மாஸ்டரைப் பார்த்தோம்.

மாஸ்டர் கிளாஸைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் பக்குவமாக வைத்தார், ஒரு சொட்டும் குறையாமல்.

“பஸ்ஸுக்கு நேரமாகுது, வாறன்” என்றார்.

நத்தார் பின்னேரம். பலெர்மோவில் பஸ் இல்லை. அதைக் கூடச் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டேன். போகும்போது அந்தக் கிழமைக்குரிய கசற்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

நான் அமெரிக்கர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபத்துக்கு வந்த மூன்று மொழியில் ஒன்று கூட மன்னிப்புக்கு வரவில்லை, அதனால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலர் மல்லியும் இஞ்சியும் கொதிக்க வைத்துப் பனங்கற்கண்டு போட்டாள். இதில் தேயிலை இல்லை என்று துளசி ஆணையிட்டுச் சொன்னபிறகு எல்டர் மூன்று கோப்பை குடித்தார். பொன் விளிம்பு வைத்த கோப்பையில்தான். ஆறு மணிப் போனுக்குத் துளசியும் கூட மேலே ஓடினாள். கீழ் வீட்டுக்காரர் எங்களுக்கு ஏதாவது குடிக்கத் தந்துவிட வேண்டுமென்று சரியாகக் கஷ்டப்பட்டார் என்று சிஸ்டர் போனில் தன் மகளுக்குச் சொன்னாராம். கத்தினார் என்று சொல்லவில்லையாம். அடுத்த கோடையில் ஊழியம் முடிந்து ஊருக்குப் போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் வந்து மல்லித்தண்ணி குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒரு கதிரை காலியாகத்தானே இருந்தது.

கொடுத்த கசற்று திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது துளசிக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த யாராவது தேநீர் வேண்டாமென்று கையை உயர்த்தினால், துளசி அடக்க ஒடுக்கமாகக் கேட்பாள்: “நீங்கள் மோர்மனோ, மாஸ்டரோ?” வந்தவர்கள் விழிப்பார்கள், நாங்கள் சிரிப்போம். சீனி வருத்தம், நெஞ்செரிவு, விரதம் என்று காரணம் சொன்னால் மோர்மன் கணக்கு. உடனே அடுப்பில் மல்லி ஏறும்.

மாஸ்டர் கணக்கில் யாராவது வந்தால் நான் இப்போது கத்துவதில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.