குறுக்கே போன மேஸ்திரி

வானமே இடிந்து தறிப்பட்டறைக் கூரைமேல் விழுந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலத்துக்குப் போவதில்லை என்று மருதாசலம் சபதம் எடுத்தார். குளியலறைக்குள் போய், கதவைத் தாழிட்டு, குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டுதான் எடுத்தார். எடப்பாடியில் சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர், ஆட்களை அதட்டியே பழகியவர், ஊருக்குள் யாருக்கும் பயப்படாதவர். வீட்டில் மட்டும் கொஞ்சம் முன்ஜாக்கிரதை.

சேலம் சூரமங்கலத்தில் இருப்பது அவர் மனைவி கமலவேணியின் அண்ணன் காளிதாஸ். ரயில்வேயில் வேலை. தங்கமான மனிதர். அவர் வீட்டுக் கோழிக்குழம்பை நினைத்துக்கொண்டே மருதாசலம் பஸ் ஏறிய காலமும் உண்டு. போன வருஷம் காளிதாஸுக்கு இயற்கை உணவுப் பைத்தியம் பிடித்தது. அடுப்பை அணைத்தவர்தான், திரும்பப் பற்றவைக்கவில்லை. ஊறவைத்த அவல், முளைகட்டின பயறு, எல்லாவற்றுக்கும் தலைமையாகச் சுரைக்காய்ச் சாறு. சொந்தம், ஒரம்பரை என்று யார் போனாலும் உட்காருவதற்குள் கையில் ஒரு சொம்பு சாறு வந்துவிடும். விருந்தாளி குடித்து முடிக்கிறவரை எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊர்ப் பெயரையே சுரைமங்கலம் என்று மருதாசலம் மனசுக்குள் மாற்றி வைத்திருந்தார்.

அதே ஞாயிற்றுக்கிழமை பூலாம்பட்டியில் காவிரிக்கரை ஓரமாகக் கூட்டாளிகள் மீன் வறுக்கப் போகிறார்கள். பரிசலில் பிடித்து, கரையிலேயே மசால் தடவி, அங்கேயே கல்லில் போட்டு எடுப்பது. ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் சுரைக்காய். மனுஷன் ஏன் சபதம் எடுக்க மாட்டான்?

முடியாது என்று கமலவேணியிடம் நேராகச் சொல்லிவிடலாம். அதற்கு வேறு யாராவதுதான் போய்ச் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று படுத்தால், அண்ணன் கொடுக்கிற சாறுதான் அதற்கு மருந்து என்று கையோடு கிளப்பிவிடுவாள். இந்த உலகத்தில் அவள் கட்டுப்படுகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். பூனை. கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இரண்டாம் தடவையும் போய்விட்டால் பயணமே ரத்து. கல்யாணமான நாளிலிருந்து மருதாசலமும் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

அவருடைய பட்டறையில் ஒரு பூனை இருந்தது. கரிக்கட்டை நிறம். எலி பாவு நூலைக் கடித்துவிடக் கூடாது என்று விட்டுவைத்தது. வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தறியாகப் பார்வையிட்டுக்கொண்டு போகும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் எல்லாரும் அதை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள்.

மேஸ்திரியைப் பார்த்தபோதுதான் மருதாசலத்துக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் அவர் தன் தொடையையே தட்டிக்கொண்டார்.

அன்றைக்கே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. கமலவேணி கடைத்தெருவுக்குப் போகிற நேரமாகப் பார்த்து வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்மேல் ஒரு துண்டு கருவாடு காத்திருக்கும். மேஸ்திரி இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து குதித்து, கேட்டுக்கு நேர்குறுக்கே ஓடி, கருவாட்டைக் கவ்வ வேண்டும். முதலில் மேஸ்திரி நடந்து போனது. பிறகு ஓடியது. வாரக் கடைசியில் வண்டிச் சத்தம் கேட்டாலே தூக்கத்திலிருந்து எழுந்து பாய்ந்தது. மருதாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறையில் இத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்கியிருக்கிறார், சொன்னதைச் சொன்னபடி செய்த முதல் ஆள் இதுதான்.

பக்கத்து வீட்டுப் பொன்னாயி காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏனுங்ணா, டெய்லி வண்டிய முறுக்கறீங்க, எங்கயும் போகக் காணமே?"

"என்ஜின் சூடு பண்றேனுங்க."

"கருவாட்டு வாசம் வருதுங்களே?"

"அதுவும் என்ஜின்லதானுங்க."

பொன்னாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்தத் தலை அதோடு நேராக எந்த வீட்டுக்குப் போகும் என்று மருதாசலம் யோசித்திருக்கலாம். அவர் அப்போது செல்போனில் பூனை சம்பந்தமாக உலகம் முழுக்க என்ன நம்புகிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் ஆதாரம் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமலவேணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். மருதாசலத்தின் நெஞ்சு தறிபோல அடித்தது. வண்டியை உதைத்தார். பறந்தது மேஸ்திரி. கேட்டுக்கு நட்டநடுவில், ஒரு கறுப்புக் கோடு.

இருவரும் இறங்கினார்கள், உட்கார்ந்தார்கள், தண்ணி குடித்தார்கள். கமலவேணி தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்த இடைவெளியில் மருதாசலம் கல்லில் அடுத்த துண்டை வைத்துவிட்டு வந்தார். மறுபடியும் உதைத்தார். மறுபடியும் கறுப்புக் கோடு.

சந்தோஷத்தில் கத்திவிடாமல் இருக்க அவர் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சூனியக்காரிகளே கறுப்புப் பூனையாக மாறி நடமாடுவதாகச் சொல்வார்கள், நாம் எம்மாத்திரம், சகுனத்தை மீறக் கூடாது என்றார். கமலவேணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சரிங்க என்று உள்ளே போய்ச் சேலை மாற்றிவிட்டு வந்தாள். அவள் எதிர்த்துப் பேசாதபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அவர் ஒரு பையை எடுத்துக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, பூலாம்பட்டிப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி, வண்டியை உதைத்தார்.

மேஸ்திரி குறுக்கே பாய்ந்தது.

பாழாய்ப்போன பூனைக்கு எந்த ஊருக்குப் போகிற வண்டி என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதைவிடப் பெரிய அதிசயம், அவர் வைக்காமலே கல்லில் ஒரு பெரிய கருவாட்டுத் துண்டு இருந்தது. வாசலில் கமலவேணி சொம்போடு நின்றாள். உட்கார்ந்தார், குடித்தார். மறுபடி உதைத்தார். மறுபடி மேஸ்திரி.

"ரெண்டு தடவ ஆச்சுங்க. பயணம் ரத்து," என்றாள் கமலவேணி.

காவிரிக்கரையில் மீன் பொரிகிற சத்தம் மருதாசலத்துக்குக் காதிலேயே கேட்டது. அவசர அவசரமாகக் கட்சி மாறினார். ஜப்பானில் பூனைப் பொம்மையைக் கடை வாசலில் வைத்தால் அது கையைத் தூக்கி வியாபாரத்தை வா வா என்று கூப்பிடுமாம். இங்கிலாந்தில் கறுப்புப் பூனை எதிரே வந்தால் யோகம் என்பவர்கள் உண்டாம். பழைய எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் வீடே புருவத்தை மழித்துக்கொண்டு துக்கம் காக்குமாம். வங்காளத்தில் பிள்ளைகளைக் காக்கிற அம்மனுக்கே பூனைதான் வாகனம். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

"அப்ப குறுக்கால போனா நெம்ப நல்லதுங்களா? அப்ப வாங்க, சூரமங்கலத்துக்கே போலாம்."

மருதாசலத்துக்கு வேர்த்துவிட்டது. ஆனால் படித்தது வீண்போகவில்லை. ஜெர்மனிக்காரன் பூனை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் பலன் சொல்வான், எல்லாம் திசையைப் பொறுத்தது என்று அடித்துவிட்டார்.

"அப்ப பூலாம்பட்டிக்கு மேக்க போனா நல்லது. சேலத்துக்குக் கெழக்க போனா ஆகாது. அப்படித்தானுங்களே?"

"அதேதான் புள்ள."

"மேக்க போறது யாரா இருந்தாலும் நல்லதுங்களா?"

"யாரா இருந்தாலும்."

"நல்லதாப் போச்சுங்க. எங்கண்ணன் மேக்கதான் வந்துட்டிருக்குது. சாறு புழியற மிசினு, வழியில குடிக்கப் பிளாஸ்க்குல சாறு, எல்லாம் எடுத்துட்டு வருது. நேத்தே போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்."

"நேத்தா? பூனை இன்னிக்குத்தானே குறுக்கால போச்சு?"

"பூனை இன்னிக்குத்தானுங்க போச்சு. உங்க புத்தி ஒரு வாரமா குறுக்கால போயிட்டிருக்குதுன்னு பொன்னாயி அக்கா சொல்லுச்சு."

தெருமுனையில் காரின் ஹாரன் கேட்டது. மருதாசலம் பாய்ந்து போய் வண்டியை உதைத்தார். இன்னும் ஒரு நொடியில் கேட்டைத் தாண்டிவிடலாம், சந்துக்குள் திரும்பிவிடலாம், பூலாம்பட்டி போய்விடலாம்.

மேஸ்திரி தன் கடமையைச் செய்தது.

அவ்வளவுதான். மருதாசலத்தின் கை தானாக வண்டியை அணைத்தது. கால் தானாக உள்ளே நடந்தது. பின்னால் வாசலில் கார் வந்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை நீட்டினார். கையில் ஒரு சொம்பு வந்தது. அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்தார்.

"பாத்தீங்களாண்ணா," என்று கமலவேணியின் குரல் கேட்டது. "பூனை குறுக்கால போனா நாம கூப்புடவே வேண்டாம். அதுவா வந்து உக்காந்துக்கும். நெம்ப வருசமாப் பழக்குனது."

மருதாசலம் கண்ணைத் திறந்தார். எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் காளிதாஸ். தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது தண்ணி இல்லை.