காலாவதிக்குள் தீர்த்த மாத்திரைகள்

அன்புள்ள மகளுக்கு,

நலம். அதாவது, உயிரோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீங்களாக மாத்திரை வாங்கித் தின்னாதீர்கள்.

அம்மாவுக்கென்று நீ அனுப்பிய சத்து மாத்திரைப் புட்டிகள் அவள் போன பிறகும் அலமாரி நிறைய இருந்தன. மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராகவே தலை நரைத்தவன் நான். எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும். என் காலத்தில் ஒரு அட்டை வீணானதில்லை. இங்கே வெளியே போக வேறு வழி இல்லாததால் என் வாய்க்குள் அனுப்பினேன். எலும்புக்குக் கால்சியம், அது உடம்பில் ஒட்ட வைட்டமின் டி, கூந்தல் அடர்த்திக்கு ஒன்று (என் வழுக்கையைப் பார்த்து அது திகைத்திருக்கும்). தேதி நெருங்க நெருங்க வேளைக்கு நாலைந்தாக ஏற்றினேன். அவள் பாதியில் விட்டதை நான் முடித்துவைக்க வேண்டும் என்றும் தோன்றியது. தனியாக இருப்பவனுக்கு இப்படியெல்லாம்தான் தோன்றும்.

முதலில் மலச்சிக்கல். பிறகு அடங்காத தாகம். குடித்துக் குடித்துக் குளியலறையிலேயே குடித்தனம் நடத்தினேன். அப்புறம் புத்தி தடுமாறி, ஒரு காலை பழைய கிடங்குக்குப் போய்ச் சாவி கேட்டிருக்கிறேன். "ஐயா, நீங்க ரிட்டயராகி ரொம்ப வருஷமாச்சு" என்று சொல்லி நாற்காலி போட்ட காவலாளிதான் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனான். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாம்.

"எதுக்குப் பெரியவரே இத்தனையும் முழுங்கினீங்க?" என்றார் டாக்டர்.

"வீணாப் போயிடுமே, டாக்டர்."

"நீங்கதான் வீணாப் போகப் பாத்தீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி கைவிட்டிருக்கும்."

சலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பயந்துபோனேன், மகளே. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆறு பேர் வந்தார்கள். எனக்கு நர்ஸ் மட்டும் வந்தாள். வீடு திரும்பியதும் மிச்சப் புட்டிகளை மருந்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஆகவே இனி ஒரு புட்டியும் அனுப்பாதே. எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதற்காக லீவு போட்டு ஓடிவரவும் வேண்டாம். உன் வேலையைப் பார். பேத்திக்கு முத்தம். எல்லாரும் நன்றாகப் பசித்து, வேளைக்குச் சாப்பிட்டு, நெடுநாள் வாழுங்கள்.

அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் போன் செய்தார். பி12 ரொம்பக் குறைவாம்; கால் மரத்துப்போவது அதனால்தானாம். அந்த மாத்திரையைச் சாப்பிட்டே ஆக வேண்டுமாம். தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். இருந்தாலும் நீயே வாங்கிக்கொண்டு வா. பார்சலில் அனுப்பாதே.