அமீனாவின் சாட்சிகள்

தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்த எதையுமே நம்பாத ஒரே மனிதர் எங்கள் அமீனாதான். கோர்ட் உத்தரவோடு ஜப்திக்குப் போகும் அமீனாவாக இருந்தவர். போன வீட்டில், வீட்டுக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து அழுததால் வேலை போயிற்று. எங்கள் தினசரிக்குத் திருப்பனந்தாள் பக்கத்துப் பகுதிநேர நிருபராக வந்து சேர்ந்தார். அவருக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு தஞ்சாவூர் ஆபீசில் என் தலையில் விழுந்தது. இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே வயது.

"யாரு, என்ன, எங்க, எப்ப. நாலும் முதல் வரியில வந்துடணும்" என்றேன்.

"சாட்சி?" என்றார்.

"அதெல்லாம் வேண்டாங்க. செய்திதானே?"

"சாட்சி இல்லாம நடந்துச்சுன்னு எப்படிங்க எழுதறது?"

மறுநாளே பஸ் கண்டக்டர் கையில் அவருடைய கவர் வந்தது. 'மேற்படி ஊரில் ஆளுங்கட்சிக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் நாற்பத்தேழு பேர். தூங்கியவர்கள் ஆறு பேர்.' கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. அதில் ஒருவர் தூங்கிய ஆறு பேரில் ஒருவராம். நானும் அசட்டுத்தனமாக அப்படியே போட்டுவிட்டேன். வட்டச் செயலாளர் போனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

இடி விழுந்து மாடு செத்த செய்தியில் மாட்டுக்காரரின் கைநாட்டு இருந்தது. 'மாடு உயிரோடு இல்லாததால் அதனை விசாரிக்க இயலவில்லை' என்று ஒரு குறிப்பும் இருந்தது. இந்த ஆளோடு எப்படிக் குப்பை கொட்டுவது என்று மலைத்துப்போனேன்.

பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை லேசில் வெளியேற்ற முடியாது என்பதால், குத்தகைப் பதிவுக்காக ஊருக்கு ஊர் இழுபறி நடந்த காலம் அது. ஒருநாள் காலையில் ஒரு மிராசுதாரின் காரியஸ்தர் ஆபீசுக்கு வந்தார். குத்தகைக்கு எடுத்த நிலத்தை அஞ்சலை என்கிற பெண் நடவே செய்யாமல் தரிசாகப் போட்டுவிட்டாள் என்றார். மறுநாள் தாசில்தார் விசாரணை. பேப்பரைக் காட்டியே அவளைக் கிளப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு அது உறைக்கவில்லை. நாலையும் பிசகாமல் முதல் வரியில் வைத்தேன். என் பெயரோடு முதல் பக்கத்தில் போடலாம் என்று ஆசிரியர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்குப் பார்த்து அமீனா ஆபீசுக்கு வந்திருந்தார். எழுதியதைப் பெருமையாகக் காட்டினேன்.

"வயலப் பாத்தீங்களா?"

"அவரே நேர்ல வந்து சொன்னாருங்க."

"அவரு வாதி. சாட்சி எங்க?"

"யாருக்கு யாருங்க பாடம் எடுக்கறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பஸ் ஏறப் போய்விட்டார்.

அன்று இரவு முதல் பக்கத்தை முடிக்கப்போகும் நேரத்தில், முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றார். கையில் ஒரு தாள். 'மேற்படி வயலில் நட்ட நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டியிருக்கிறது. நானே இறங்கிப் பார்த்தேன்.' கீழே நடவு நட்ட பெண்களின் கைநாட்டு, மொத்தம் பதினொன்று.

"ரெண்டு சாட்சி போதுமேங்க?" என்றேன்.

"ரெண்டு பேர்கிட்ட மட்டும் வாங்கினா மத்த ஒன்பது பேரு என்னைய சும்மா விடுவாங்களா?"

என் செய்தியை நானே கிழித்தேன். அவருடைய செய்தி, 'மேற்படி' மட்டும் நீங்கி, நாலு வரியில் வந்தது. விசாரணையில் அஞ்சலையின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறியது. அன்று மட்டும் அமீனா தடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாவம் என்னை விட்டிருக்காது.

அமீனா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. இதை எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் கீழே இரண்டு கோடு போட்டேன். ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொன்றில் போட அவர் இல்லையே என்று இருக்கிறது.